வலிப்பது கொழும்பில், முள் இருப்பது டிரங்குப் பெட்டியில்: மாணவர் வீசா விண்ணப்பத்தில் பிழை தேடும் வழி

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதற்கு முன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால், வருகிறவர்களுக்கு நான் இன்னும் டீச்சர்தான். வெளிநாட்டில் படிக்க வீசா கேட்டுத் திரும்பி வந்த கடிதங்கள் என் மேசைக்கு வரும். பிள்ளையைக் கூட்டி வரும் தாய் கேட்பது அநேகமாக ஒரே கேள்வி: "எம்பசிக்காரவங்களுக்கு என்னாங்க டீச்சர் பிடிக்கல?"

பிடிக்காமல் போவது அபூர்வம். இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாள்களில் பாதி, பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியுமுன்பே யாரோ எழுதி, கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்தவை. அதனால் கீழே எழுதியிருப்பதை, கொழும்பில் தெரியும் கோளாறிலிருந்து வீட்டுப் பெட்டி வரைக்கும் பின்னோக்கிப் போகும் வழியாக வாசியுங்கள். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பம் போடுகிற கிழமையில் அந்தந்த அரசாங்கத்தின் இணையத்தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

"பாஸ்போர்ட்டில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர்"

மலையகத்தில் நான் பார்க்கும் கோளாறுகளில் முதலிடம் இதற்குத்தான். எங்கள் பெயர்கள் மூன்று மொழிகளில் உருண்டு வந்தவை. தாய் தமிழில் சொன்னாள், எழுதினவர் சிங்களத்தில் எழுதினார், பின்னால் மொழிபெயர்த்தவர் அதை ஆங்கிலத்தில் வாசித்தார். தமிழ்ச்செல்வியின் 'ழ' அப்படியே தொலைந்து 'ல' ஆகும். ஜெயக்குமார் ஒரு கொம்பும் ஒரு புள்ளியும் குறைந்து ஜயக்குமார ஆவார். லெட்சுமிக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டு உண்டோ அத்தனையும் ஒரே குடும்பத்துக்குள் கிடைக்கும். ஒரு தாய் என்னிடம் சொன்னது: "அவன் முருகேசு தாங்க. எழுதின ஐயாதான் முருகேசன்னு போட்டுட்டாரு. ஒரு 'ன்' தானுங்களே?" அந்த ஒரு 'ன்'னை வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. கடல் தாண்டி ஓர் அதிகாரியின் திரையில் அது இரண்டு ஆட்களாகத் தெரிகிறது.

எல்லாத் தாளையும் பாயில் பரப்புங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்கள், பள்ளிக்கூடம் விட்ட சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஒரு கொப்பியில் ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கண்ணால் பார்த்தால் 'சரிதான்' என்று தோன்றுவது, எழுதும்போதுதான் பிசகு காட்டும்.

பிறகு பிசகு எந்தத் தாளில் என்று பிரியுங்கள். வேர் பிறப்புச் சான்றிதழ். அது சரியாக இருந்து பாஸ்போர்ட் மட்டும் பிழை என்றால் பாஸ்போர்ட்டை மாற்றுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மாற்றுங்கள். கண்டியில் பிராந்திய அலுவலகம் இருப்பதால் அதற்குப் பத்தரமுல்லை வரைக்கும் போக வேண்டியதில்லை. ஏ.எல். சான்றிதழ் மட்டும் பிழை என்றால், பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பரீட்சைத் திணைக்களத்தில் திருத்தம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஓ.எல். எழுதின கையோடு தொடங்கினால் ஏ.எல். முடிவு வரும்போது கையில் இருக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதி வந்த பிறகு தொடங்கினால் அந்தத் தவணை போச்சு.

பிசகு மொழிபெயர்ப்பில் மட்டும் என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பாஸ்போர்ட்டின் பிரதியையும் கொண்டு போய், "இதில் இருக்கிற எழுத்துக்கூட்டிலேயே போடுங்க" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் அவர் காதுக்கு எட்டினபடி எழுதுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பெற்றோரின் பெயருக்கும் அவர்களுடைய அடையாள அட்டைப் பிரதியைக் கொடுங்கள்.

சத்தியக்கடதாசி இந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. 'மேற்படி இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும்' என்று ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் எழுதி வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. அப்பாவின் பெயரில் சின்ன வித்தியாசம் என்றால் அது உதவும். விண்ணப்பிக்கும் பிள்ளையின் சொந்தத் தாள்களிலேயே பெயர் மாறினால், அது கிழிந்த சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டது மாதிரி. படிவங்களில் 'வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி இருக்கும். பழைய எழுத்துக்கூட்டு ஏதாவது ஒரு சான்றிதழில் மிஞ்சியிருந்தால் அங்கே 'ஆம்' போட்டு அதை எழுதிவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் அது தகவல், அவர்கள் கண்டுபிடித்தால் அது சந்தேகம்.

இன்னொரு வகையும் உண்டு. அது பிழையே இல்லை, ஆனாலும் கேள்வி வரும். பிள்ளையின் குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவின் குடும்பப் பெயர் என்று இருப்பது தாத்தாவின் பெயர். அம்மாவின் தாள்களில் அப்பாவின் பெயரே கிடையாது. வெள்ளைக்காரர் கணக்கில் இது மூன்று குடும்பம். 'தமிழ் வழக்கத்தில் தந்தையின் பெயரே பிள்ளையின் பெயரோடு சேர்ந்து வரும். பரம்பரைக் குடும்பப் பெயர் இல்லை' என்று விளக்கக் கடிதத்தில் இரண்டு வரி எழுதி, பிறப்புச் சான்றிதழை இணையுங்கள். அது போதும். ஜே.பி. வரைக்கும் போக வேண்டாம்.

"அப்பாவின் கணக்குத்தான், ஆனால் அப்பா என்று ஏற்கவில்லை"

இது முந்தியதன் தம்பி. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அப்பா 'ராமு'. ஊழியர் சேமலாப நிதியிலும் (ஈ.பி.எஃப்.) அதுவே போயிருக்கிறது. அடையாள அட்டையில் ராமசாமி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இராமசாமி. இங்கே பிள்ளையின் தாளைத் தொட வேண்டாம். அப்பாவின் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போனாலே பெரும் பகுதி சரி. தோட்டத்து ஆபிஸில் 'செக்ரோலில் ராமு என்று இருப்பவரும், இந்த இலக்க அடையாள அட்டைக்காரரும் ஒருவரே' என்று கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் வாங்குங்கள். அவருடைய சேமலாப நிதியை எடுக்கிற நேரத்திலும் அது கைகொடுக்கும்.

அட்டை இலக்கத்தையும் பாருங்கள். பழைய அட்டைக்கு ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்தவற்றுக்குப் பன்னிரண்டு இலக்கம். வங்கியில் பழையது, கையில் புதியது என்றால் இரண்டும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டு அதிகாரி எப்படி அறிவார்? வங்கிக்குப் போய்ப் புதிய இலக்கத்தைப் பதியச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு கணக்கறிக்கை எடுங்கள். தாத்தா பாட்டிகளின் குடியுரிமைச் சான்றிதழ் பெட்டியில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். 1948இல் பறிபோய், 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரைக்கும் இழுபட்டுத் திரும்பி வந்த உரிமை அது. பெற்றோர் பிறந்த இடம் பற்றிய கேள்வி எங்காவது எழும்பினால் அந்தத் தாள்தான் பேசும்.

"ஒரிஜினலே இல்லை"

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் பெட்டியோடு போனவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம், இவை எல்லாவற்றுக்கும் மூலப்பதிவு அரசாங்கத்திடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதி பிரதேச செயலகத்தில், ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில், ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கலாம். அடையாள அட்டை தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டு, ஜி.எஸ். (கிராம சேவகர்) வழியாகப் புதியதற்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழை முதலில் எடுங்கள். மற்றது எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

"முகவரி உறுதிப்படவில்லை"

படிவத்தில் வீதி இலக்கம், வீதிப் பெயர் என்று இரண்டு பெட்டி இருக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு ஏது வீதி? வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி எதையாவது அடித்துவிடுவார்கள்; ஒரு தாளில் 'மேல் பிரிவு', இன்னொன்றில் 'அப்பர் டிவிஷன்', மூன்றாவதில் தோட்டத்தின் பெயர் மட்டும். ஜி.எஸ். தரும் வதிவிடச் சான்றிதழில் உள்ளதை ஆங்கிலத்தில் ஒரு தடவை தீர்மானித்து, எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் அதையே எழுதுங்கள். மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில் இல்லாவிட்டால் அதை இணைக்கவே வேண்டாம். கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தரும் இடமென்றால் தபாலை நம்பாதீர்கள்; மின்னஞ்சலையும் கைபேசியையும் சரியாகக் கொடுங்கள்.

"பணம் காட்டினோம், போதாது என்கிறார்கள்"

இங்கே கொஞ்ச நேரம் நிற்போம். பணம் இல்லாததால் மறுக்கப்பட்டவர்களைவிட, இருந்த பணத்தைப் பிழையாகக் காட்டி மறுக்கப்பட்டவர்களே என்னிடம் அதிகம் வந்திருக்கிறார்கள்.

பிரித்தானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்ட மிச்சமிருக்கும் முதல் வருஷக் கட்டணம், அதோடு வாழ்க்கைச் செலவு, ஆகக்கூடியது ஒன்பது மாதத்துக்கு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண். வெளியே படிக்கிறவருக்கு 1,171 பெருக்கல் 9, ஆக 10,539. கட்டணம் 9,000 பவுண் மிச்சம் என்றால் மொத்தம் 19,539. பவுணை 400 ரூபா என்று வைத்தால் 78 இலட்சத்துக்கு மேல். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது. அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் இருக்க வேண்டும்.

எங்கே பிசகுகிறது? பத்தொன்பதாம் நாள் பெரியப்பா சாவு. பெட்டிக்கும் பந்தலுக்கும் 40,000 ரூபா எடுத்தார்கள். சாவுக்கு எட்டாம் நாளே திரும்பப் போட்டுவிட்டார்கள். மனுஷ நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. விதியில் அன்றோடு எண்ணிக்கை முறிந்தது. பணம் திரும்ப வந்த நாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு. இதற்கு ஒரே மருந்து, தேவைக்கு மேல் கூடுதலாக ஒரு தொகையை விட்டு வைப்பது. நாணய மாற்றுக்கும் அது வேண்டும். பிரித்தானிய உள்துறை அமைச்சு ஓஆண்டா இணையத்தளத்தின் விகிதத்தை எடுக்கும், உங்கள் வங்கியின் விகிதத்தை அல்ல. 2022இல் ரூபா விழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

யாருடைய கணக்கு என்பதும் முக்கியம். பிள்ளையின் கணக்கு அல்லது தாய் தகப்பனின் கணக்கு. பெற்றோருடையது என்றால் பிறப்புச் சான்றிதழும் 'இந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்குத் தருகிறோம்' என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். வத்தளையில் கடை வைத்திருக்கும் தாய்மாமன் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் அவருடைய கணக்கு அங்கே செல்லாது. அவர் உதவுவதென்றால் பணத்தைப் பிள்ளையின் கணக்குக்கோ பெற்றோரின் கணக்குக்கோ மாற்றட்டும். மாற்றிய பிறகுதான் 28 நாளை எண்ணத் தொடங்கலாம்.

சேமலாப நிதிப் பத்திரத்தைக் கொண்டு வந்து காட்டுகிறவர்கள் நிறைய. இருபது வருஷம் கொழுந்து பறித்த கையின் சேமிப்பு அது. ஆனாலும் எடுக்காமல் நிதியில் கிடக்கும் வரைக்கும் இந்தக் கணக்கில் சேராது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். எடுத்து வங்கியில் போட்டால் அது நல்ல பணம், மூலமும் சுத்தம். நிலையான வைப்பு என்றால், தேவைப்பட்டால் உடைத்து எடுக்கலாம் என்று வங்கியிடம் கடிதம் கேளுங்கள். காணி உறுதி, வீட்டு மதிப்பீட்டு அறிக்கை என்று சில ஏஜென்சிகள் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுக்கின்றன. பிரித்தானிய மாணவர் வீசாவுக்கு அது ஒரு புள்ளியும் சேர்க்காது. லயத்துக்கு உறுதி இல்லையே, ஏழு பேர்ச் காணிக்கு இன்னும் உறுதி கைக்கு வரவில்லையே என்று அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் 28 நாள் கணக்கு இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு 2024 மே முதல் வருஷத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர், அதற்கு மேல் முதல் வருஷக் கட்டணம், பயணச் செலவு. கனடாவில் 2025 செப்டெம்பர் முதல் தனி ஆளுக்குக் கட்டணமும் பயணச் செலவும் நீங்க 22,895 கனேடிய டொலர். ஜேர்மனியில், மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கிய கணக்கு ஒன்றில் வருஷத்துக்கு 11,904 யூரோ. இந்த நாடுகளுக்குப் போகிறவர் முக்கியமாகத் தயாராக வேண்டியது 'இந்தப் பணம் எப்படி வந்தது?' என்ற கேள்விக்கு.

அதிகாரியின் கண்ணால் ஒரு நிமிஷம் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தாலும் மாதம் 67,500. அந்தக் கணக்கில் ஒரு செவ்வாய்க்கிழமை 60 இலட்சம் வந்து உட்கார்ந்தால் எவருக்கும் புருவம் உயரும். ஆகவே ஒவ்வொரு பெரிய வரவுக்கும் ஒரு தாள் வேண்டும். நகை என்றால் வங்கி அடகுத் துண்டு. அம்மா குவைத்திலிருந்து அனுப்பியது என்றால் அனுப்பிய ரசீதுகளும் வேலை ஒப்பந்தமும். வெலிமடையில், நுவரெலியாவில் மரக்கறி செய்கிறவர்கள், மொத்தச் சந்தையான பொருளாதார மையத்தில் கொடுக்கும் துண்டைச் சுருட்டி எறிந்துவிடுவார்கள்; போன போகத்திலிருந்தாவது சேர்த்து வையுங்கள். கரட்டும் லீக்ஸும் விற்ற காசு இலட்சக்கணக்கில் வரும் என்பதை அந்தத் துண்டு சொல்லும், உங்கள் வாய் சொன்னால் எடுபடாது. சீட்டுக்கு ரசீது கிடையாது. அதனால் சீட்டு எடுத்தால் அன்றைக்கே முழுத் தொகையையும் வங்கியில் போட்டுவிடுங்கள். மாதா மாதம் கட்டிய பணமும் அதே கணக்கிலிருந்து போயிருந்தால் கதை தானாகவே நிற்கும்.

'ஷோ மணி' பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தனை இலட்சத்தை ஒரு மாதம் உங்கள் கணக்கில் போட்டுவைக்கிறோம், வட்டி இவ்வளவு என்பார்கள். அறிக்கையையே கணினியில் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். வீசா அதிகாரிகள் வங்கிக்குக் கேட்டு எழுதி உறுதிப்படுத்துவார்கள் என்பதை இவர்கள் சொல்ல மாட்டார்கள். அகப்பட்டால் ஏமாற்று என்று பதிவாகும்: பிரித்தானியாவில் பத்து வருஷம், கனடாவில் ஐந்து, அவுஸ்திரேலியாவில் மூன்று வருஷம் வரைக்கும் கதவு சாத்தப்படலாம். அந்தத் தண்டனை ஏஜென்சிக்கு அல்ல, பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு.

"விண்ணப்பம் எங்கே நிற்கிறதென்றே தெரியவில்லை"

"ஏஜென்சி பாத்துக்கிறாங்க டீச்சர்." எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள்? "அவங்களே ஒண்ணு திறந்துட்டாங்க." இதுதான் நோய். மறுப்புக் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் அறியாமல், இன்னும் 'பிராசஸ்' என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். மறுபரிசீலனைக்குக் கொடுத்த நாளும் அதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் பெயரில், உங்கள் கைபேசி இலக்கத்தில் ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல் உங்களிடம் மட்டும். சமர்ப்பித்த படிவத்தின் முழுப் பிரதியும் விண்ணப்ப இலக்கமும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். கொடுக்க மறுக்கிற ஏஜென்சியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேளுங்கள், அங்கே பேச்சு வளர்க்க ஒன்றுமில்லை. படிவத்தின் முடிவில் உள்ள உறுதிமொழி உங்கள் பெயரில் போகிறது. அவர்கள் அடித்த பொய்க்கும் நீங்கள்தான் பதில். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை முழுதும் வாசியுங்கள், ஆங்கிலம் தடுக்கினால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு.

"உண்மையான மாணவர் என்று திருப்தியில்லை"

மறுப்புக் கடிதத்தில் இந்த வரி வந்தால் பலருக்குக் கோபம் வருகிறது. பதின்மூன்று வருஷம் மலை ஏறி இறங்கிப் படித்த பிள்ளையைப் பார்த்து மாணவர் இல்லை என்றால் வரத்தானே செய்யும். ஆனால் அனுப்பிய நோக்கக் கடிதத்தை எடுத்து வாசித்தால் தெரியும்: பக்கத்து வீட்டுப் பையனின் கடிதமும் இதுவும் ஒன்று, பெயர் மட்டும் வேறு. 'உலகத் தரம் வாய்ந்த கல்வி', 'பன்முகக் கலாசாரம்', 'என் சிறுவயதுக் கனவு'. ஒரே ஏஜென்சியிலிருந்து போன இருபது கடிதத்தை ஒரே அதிகாரி வாசிக்கிறார் என்பதை யோசியுங்கள்.

அவுஸ்திரேலியா 2024 மார்ச் 23க்குப் பிறகு நீண்ட கடிதத்துக்குப் பதிலாகப் படிவத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 150 ஆங்கிலச் சொல்லுக்குள் பதில். உங்கள் குடும்ப நிலை, ஏன் இந்தப் பாடம், ஏன் அந்த நாடு, முடித்த பிறகு என்ன. 150 சொல்லில் அலங்காரத்துக்கு இடமில்லை, அது நமக்கு நல்லது.

மலையகத்துப் பிள்ளைகள் எழுதாமல் விடுவது அவர்களிடம் இருக்கும் பலமான பகுதியைத்தான். பண்டாரவளைப் பிள்ளை ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கப் போகிறான். எல்லவில் விருந்தினர் விடுதியில் இரண்டு சீசன் வேலை செய்திருக்கிறான். கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை; 'கூலி வேலைதானே டீச்சர், வெட்கமா இருக்கு' என்கிறான். வெட்கப்பட என்ன இருக்கிறது? எந்த விடுதி, எத்தனை அறை, முன்பதிவு எப்படி வந்தது, எங்கே தடுமாறினார்கள், அதில் எந்தக் குறையை இந்தப் பாடநெறியின் எந்தப் பகுதி தீர்க்கும் என்று எழுத வைத்தேன். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை உணவு விஞ்ஞானம் கேட்டால், தேயிலை ஆராய்ச்சி நிலையம் வீட்டிலிருந்து பார்க்கும் தூரத்தில் இருக்கிறதே. அதைப் பற்றி இரண்டு வரி எழுதத் தெரியாவிட்டால் பாடத்தில் அக்கறை இருக்கிறதென்று யார் நம்புவார்? கொட்டகலை ஶ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று கற்பிக்கிற ஆசிரியை ஒருவர் முன்பள்ளிக் கல்வியில் மேற்படிப்புக்குப் போகிறார் என்றால், திரும்பி வர அவருக்கு ஒரு பள்ளிக்கூடமே காத்திருக்கிறது. லீவுக் கடிதத்தை இணைக்கலாமே.

நேர்காணல் கேட்டால் பாடமாக்காதீர்கள். பிரித்தானியா காணொளியில் கேட்கலாம், அமெரிக்காவுக்குக் கொழும்பில் நேரில். "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்றால் "ரேங்க் நல்லது" என்பது பதிலல்ல. முதல் வருஷத்தில் என்ன பாடங்கள், எந்த நகரம், வாடகை எவ்வளவு, கட்டணத்தில் எவ்வளவு கட்டியாயிற்று, யார் தருகிறார், அவர் என்ன தொழில்: இவற்றைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு 'பிசினஸ்' என்று மழுப்பி, தாளில் தோட்டத் தொழிலாளி என்று இருந்து, மறுத்து அனுப்பப்பட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். தொழிலாளியின் மகள் என்று சொன்னதற்காக யாரும் மறுத்ததில்லை. தாளும் வாயும் வேறு வேறு சொன்னதுதான் வினை.

அமெரிக்காவுக்கு 214(பி) என்ற சட்டப் பிரிவைச் சொல்லி மறுப்புத் தாளைக் கொடுத்தால் அது வாழ்நாள் தடை அல்ல, மறுபடி விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்தின் ஐ-20 அனுமதிப் படிவம் வந்த பிறகு செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர் கட்டி, அதன் ரசீதோடு போங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், டி.எஸ்-160 என்ற வீசா விண்ணப்பப் படிவத்தில் ஒரு கணக்கை எழுதாமல் விடுவது வீண் வம்பு.

"இடையில் இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?"

'புறக்கோட்டையில் கடையில் நின்றேன், ஆனால் நியமனக் கடிதம் இல்லை' என்பார்கள். முதலாளியிடம் காலமும் வேலையும் எழுதிய கடிதம், வங்கியில் சம்பளம் விழுந்திருந்தால் அந்த அறிக்கை, சேமலாப நிதி இலக்கம், இவற்றில் கிடைப்பதை இணையுங்கள். எதுவும் இல்லையென்றால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். 'வீட்டில் இருந்தேன்' என்பது குற்றமில்லை. இல்லாத கம்பனியின் கடிதம் குற்றம்.

"ஐ.ஈ.எல்.டி.எஸ். புள்ளி இருக்கிறது, செல்லாது என்கிறார்கள்"

இரண்டே இடம் பாருங்கள். இரண்டு வருஷம் கடந்துவிட்டதா? பட்டப்படிப்புக்குக் கீழான பாடநெறிக்குப் பிரித்தானியா போகிறீர்களா? அப்படியென்றால் அதற்கென்று தனியாக நடத்தும் யு.கே.வி.ஐ. பரீட்சை வேண்டும், சாதாரணமானது செல்லாது. பதியும்போது பரீட்சையின் பெயரைக் கவனித்தால் போதும், கட்டணத்தை இரண்டு தடவை கட்ட வேண்டியிருக்காது.

"காசநோய்ச் சான்றிதழ் எங்கே?"

பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இலங்கையருக்கு இது கட்டாயம். அங்கீகரித்த நிலையம் கொழும்பில். நுவரெலியா ஆஸ்பத்திரியில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். மிகவும் முந்தி எடுத்தால் காலாவதியாகும்.

"ஸ்கேன் தெளிவில்லை"

லயத்தின் நாற்பது வோட் பல்ப் வெளிச்சத்தில் கைபேசியால் எடுத்தால் பாதித் தாள் நிழல். பகலில், வாசலில், மூடுபனி இறங்குமுன் எடுங்கள், அல்லது என் மாதிரி ஒரு கடைக்கு வாருங்கள். ஜே.பி.யின் ஊதா முத்திரை பெயருக்கு மேல் விழுந்திருந்தால் அந்தத் தாளை மறுபடி எழுதி வாங்குங்கள்.

"அப்பொயின்ட்மென்ட்டைத் தவறவிட்டோம்"

எங்கள் பக்கத்திலிருந்து கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். காலை ஒன்பதரைக்கு நேரம் என்றால் அன்று விடியப் புறப்படும் பஸ்ஸை நம்பாதீர்கள். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தாலோ ரயில் பாதை மூடினாலோ போச்சு. முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுங்கள். மே, ஜூன், ஒக்டோபர், நவம்பர் மழைக் காலத்தில் நேரம் எடுக்கிறவர்கள் இரண்டு நாள் இடைவெளி வையுங்கள்.

"மறுத்துவிட்டார்கள், மறுபடி போடவா?"

கடிதத்தை மூன்று தடவை வாசியுங்கள். காரணம் ஒன்றா இரண்டா என்று கோடு போடுங்கள். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு நிர்வாக மறுபரிசீலனை கேட்க 28 நாள் உண்டு. ஆனால் அது அதிகாரி விட்ட பிழைக்கு மட்டும். நீங்கள் இணைக்க மறந்த தாளை அங்கே சேர்க்க முடியாது, அதற்குப் புதிய விண்ணப்பம்தான். அதே தாள்களோடு அடுத்த கிழமையே மறுபடி போட்டால் அதே கடிதம்தான் வரும், கட்டணம் மட்டும் இரட்டிப்பு. அவுஸ்திரேலியக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 டொலர். ஒரு தோட்டக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம் அது.

முந்திய மறுப்பை எந்த நாட்டுப் படிவத்திலும் மறைக்காதீர்கள். 'வேறு நாடுதானே, தெரியாது' என்று ஏஜென்சி சொல்லும். நாடுகள் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. சொன்ன மறுப்பு ஒரு கேள்வியோடு போகும். மறைத்த மறுப்பு, நான் மேலே சொன்ன வருஷக்கணக்கான தடையோடு போகும்.

"வீசா கிடைத்துவிட்டது, ஆனால்..."

வடை பாயாசத்துக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிரித்தானியாவில் 2025 ஜூலை நடுப்பகுதி முதல் மாணவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் வீசா இல்லை, இணையத்தில் ஈ-வீசா. கணக்கைத் திறந்து பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் இலக்கம், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக அந்தப் பழைய கொப்பியோடு ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே முறையிடுங்கள். கட்டுநாயக்கவில் கவுன்டருக்கு முன்னால் நின்று திருத்த முடியாது. இடையில் பெயர் திருத்திப் புதிய பாஸ்போர்ட் எடுத்திருந்தால், புதிய இலக்கத்தைக் கணக்கில் சேர்த்த பிறகே டிக்கெட் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களும் அனுமதிக் கடிதமும் பணத்துக்கான தாள்களும் கைப்பையில், பெரிய பெட்டியில் அல்ல. டிரங்குப் பெட்டியில் ஒரு முழுப் பிரதியை வைத்துவிட்டுப் போங்கள், தங்கச்சிக்கு உதவும்.